வயசுக் கோளாறு என்று கைவிரித்தால்: பிராஸ்டேட் நோயும் டிஸபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடும்

பிராஸ்டேட் தொல்லையோடு படையிலிருந்து வெளியே வந்தவர் டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டால், ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலிருந்து வரும் மறுப்பில் அநேகமாக நான்கு எழுத்துகள் இருக்கும்: என்.ஏ.என்.ஏ. நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்பதன் சுருக்கம் அது. காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘வயது சார்ந்த மாற்றம்’ என்கிற மாதிரி ஒரு வரி. அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஓய்வுபெற்ற சுபேதாருக்கு அது நியாயமாகக்கூடப் படும். “வயசானா எல்லாருக்கும் வாறதுதானே அண்ணாச்சி, இதுக்குப் போய் கவர்மெண்ட்கிட்ட மல்லுக்கு நிக்கணுமா?” என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். கடிதம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். மேல்முறையீட்டுக்கான ஆறு மாதக் கெடு ஓடத் தொடங்கியிருப்பது அவருக்குத் தெரியாது.

எல்லா மறுப்பும் தவறானதல்ல. சில பிராஸ்டேட் கேஸ்கள் மேல்முறையீட்டில் நிற்கும், பல நிற்காது. எது நிற்கும் என்பதை முடிவு செய்வது வலியின் அளவல்ல, கோப்பில் இருக்கும் தேதிகள்.

எந்த பிராஸ்டேட் நோய்?

சிறுநீர்ப்பையின் கழுத்தடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி பிராஸ்டேட். அதில் வரும் நோய்கள் மூன்று வகை, சட்டத்தின் முன் மூன்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

முதலாவது வீக்கம். புற்றுநோய் அல்லாத இந்த வீக்கம் நாற்பதுக்கு மேல் மெல்லத் தொடங்கி ஐம்பது, அறுபதுகளில் தலைகாட்டும். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்திருப்பது, முக்கினாலும் சொட்டுச் சொட்டாகப் போவது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு என்று அது தெரியவரும். வயதோடு வருவது என்று மருத்துவமே சொல்வதால், ‘பணிதான் இதைக் கொண்டுவந்தது’ என்று வாதாடுவது சுவரில் முட்டிக்கொள்வதுதான். ஆனால் ‘பணியால் முற்றியது’ என்பது வேறு வாதம். விதிகளில் அதற்குத் தனி வாசல் உண்டு.

இரண்டாவது அழற்சி, அதாவது கிருமித் தொற்று. இது முப்பது வயதுக்காரருக்கும் வரும், விட்டு விட்டு வருடக்கணக்கில் இழுக்கும். வயதைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாத நோய் என்பதால் மூன்றில் இதுவே வாதத்துக்கு வலுவானது. பணியில் இருந்தபோது சிறுநீர்க் குழாய் போடப்பட்டு, அதன் பிறகு தொற்று வந்திருந்தால் இன்னும் வலு.

மூன்றாவது புற்றுநோய். டிஸபிலிட்டி பென்ஷனுக்கான 1982-ம் ஆண்டு உரிமை விதிகளின் பின்னிணைப்பு, புற்றுநோய்களை ‘பொதுவாகப் பணியால் பாதிக்கப்படாத நோய்கள்’ வரிசையில் வைத்தது. கதிர்வீச்சு, ரசாயனம் போன்றவற்றோடு வேலை பார்த்ததற்குச் சான்று இருப்பவர், அல்லது அறிகுறி சொன்ன பிறகும் பணியிடத்தில் பரிசோதனை தள்ளிப்போனதற்குச் சான்று இருப்பவர் முயன்று பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியில் புழங்கிய அமெரிக்கப் படைவீரருக்கு பிராஸ்டேட் புற்றுநோய் வந்தால், 1996 முதல் அது பணியால் வந்ததாகவே அந்நாட்டில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே வாதத்தை இங்கே எழுதி அனுப்பினால் வேலைக்கு ஆகாது. அது அந்த நாட்டுச் சட்டம்.

பென்ஷன் வேறு, சிகிச்சை வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-ல் உறுப்பினர் என்றால், மெடிக்கல் போர்டு என்ன எழுதியிருந்தாலும் திருநெல்வேலி பாலிகிளினிக் வழியாக மருந்தும் அறுவை சிகிச்சையும் கிடைக்கும். மேல்முறையீடு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, சிறுநீரகத்தைப் பணயம் வைக்கிற வேலை.

ஒரு கற்பனை சுபேதார்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்ளலாம். கல்லிடைக்குறிச்சிக்காரர். 19 வயதில் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 45 வயதில் மலை உச்சிக் காவல் நிலை ஒன்றில் இருந்தபோது சிறுநீர்த் தொல்லை ஆரம்பித்தது. எம்.ஐ. அறை எனப்படும் படைப்பிரிவு மருத்துவ அறையில் மாத்திரை கொடுத்தார்கள், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பவில்லை. பதினான்கு மாதம் கழித்து ஒரு குளிர்கால இரவில் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டது. பேஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டியூப் போட்டார்கள், பிறகு அறுவை சிகிச்சை. மெடிக்கல் கேட்டகரி இறங்கியது. 48-ல் ஓய்வு. விடுவிப்பு மெடிக்கல் போர்டு எழுதியது: ஊனம் 20 சதவீதம், ஆயுளுக்கும், என்.ஏ.என்.ஏ.; காரணம், வயது.

இவருடைய வழக்கில் வலுவான இடம் எது? மலை உச்சிக் குளிர் என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தப் பதினான்கு மாதம்தான் வலுவான இடம். நோய் பற்றிய முதல் பதிவுக்கும் சிறப்பு மருத்துவர் பார்த்ததற்கும் நடுவே பணி நிலைமையால் விழுந்த இடைவெளி அது. வயது வீக்கத்தைக் கொடுத்திருக்கலாம், அடைப்பு வரும்வரை முற்றவிட்டது வயதல்ல.

முதலில் வாங்கவேண்டிய தாள்

மேல்முறையீடு எழுத உட்காரும் முன் கையில் இருக்கவேண்டியது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தின் நகல், அதாவது விடுவிப்பு மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைத் தாள். பலர் கையில் மறுப்புக் கடிதம் மட்டும் இருக்கும், இது இருக்காது. கேட்டகரி இறக்கிய ஒவ்வொரு போர்டுக்கும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 இருக்கும், அவையும் வேண்டும். ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள் கெடு.

யாருக்கு எழுதுவது என்பதில் நெல்லைப் பக்கம் அடிக்கடி குழப்பம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ.க்கு செகந்திராபாத். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை; விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் பக்கத்திலேயே இருக்கிறது என்று அங்கே போய் நின்று பயனில்லை, கோப்பு அங்கே இல்லை. முதல் ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி. என்கிற பாதுகாப்புக் காவல் படையில் மறுபடி சேர்ந்தவர்களுக்குக் கண்ணூர். இந்த டி.எஸ்.சி.காரர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியவர்கள். சாதாரண சிப்பாய் பிராஸ்டேட் வயதுக்கு முன்னமே வீடு திரும்பிவிடுகிறார், டி.எஸ்.சி.யில் இருப்பவரோ ஐம்பதைத் தாண்டியும் சீருடையில் நிற்கிறார். நோய் இரண்டாவது பணியில் பதிவாகியிருந்தால் இரண்டாவது பணியின் கோப்புதான் பேசும்.

தாள் வந்ததும் பார்க்கவேண்டியது மூன்று இடம். நோய் முதலில் தெரிந்த தேதியும் ஊரும். கமாண்டிங் அதிகாரி தந்த பணி விவரம். போர்டு தன் கருத்துக்குக் காட்டிய காரணம். காரணம் கேட்கும் கட்டம் காலியாக இருந்தாலோ, ஒற்றைச் சொல்லில் முடிந்திருந்தாலோ மேல்முறையீட்டின் முதுகெலும்பு கிடைத்தாயிற்று.

தரம்வீர் சிங் தந்த ஆயுதம்

ஏன் அப்படி என்பதற்கு ஒரு சிப்பாயின் கதை. தரம்வீர் சிங் 1985-ல் சிக்னல்ஸில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டு கழித்து 1994-ல் வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு வெளியே அனுப்பப்பட்டார். அவருடைய உடல்வாகோடு வந்த நோய், பணிக்குத் தொடர்பில்லை என்றது போர்டு. பென்ஷன் கிடையாது. ‘உடல்வாகு’ என்ற அந்தச் சொல் இருக்கும் இடத்தில் ‘வயது’ என்று போட்டால் பிராஸ்டேட் மறுப்புக் கடிதம் தயார்.

2013 ஜூலை 2-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும். தொடர்பில்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுடையது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்கு. போர்டு காரணம் எழுதியே ஆகவேண்டும். 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதே நிலைப்பாடு தொடர்ந்தது.

இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு குதிக்கவும் கூடாது. 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் போன்றவற்றைச் சேர்க்கையின்போது கண்டுபிடிக்க இயலாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த அனுமானத்தைத் தர மறுத்தது. அரசுத் தரப்பு இதைத்தான் முன்வைக்கும். தவிர, தரம்வீர் சிங் வழக்கு 1982 விதிகளின் மேல் நின்றது. 2008 ஜனவரி 1-க்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கு 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21-க்குப் பின் என்றால் 2023 விதிகள். அனுமானங்கள் படிப்படியாகத் தளர்ந்திருக்கின்றன. ஆனாலும் 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம், கவாஸ் அனில் மட்சோ என்ற சுபேதாரின் நீரிழிவு வழக்கில், உருப்படியான காரணம் தராத போர்டின் முடிவை ஏற்கவில்லை. நோய் தெரிந்தபோது அவர் அமைதிப் பகுதியில் இருந்தார் என்பது மட்டும் போதாது என்றது. பிராஸ்டேட் வழக்குக்குப் பொருத்தமான தீர்ப்பு இது. நீரிழிவும் ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று ஒதுக்கப்படுவதுதானே.

2008 விதிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஓய்வுபெற்று 15 ஆண்டு கழித்துக் கேட்கும்போது, காலக்கெடு முடிந்து ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் சுமை கேட்பவர் தலைக்கு மாறிவிடும். ஓய்வுக்குப் பிறகு முளைத்த நோய்க்கும் ஒரு வழி உண்டு: ஏழு ஆண்டுக்குள் தெரியவந்து, அதன் வேர் பணியில் இருந்தது என்று தகுதியுள்ள மருத்துவ அதிகாரம் ஏற்றால் கருதிப் பார்க்கலாம். சாதாரண வீக்கத்துக்கு இந்த வழி கடினம். பணியில் வந்த தொற்றின் தொடர்ச்சி என்றால் பேசலாம்.

வெட்கத்தின் விலை

பிராஸ்டேட் கோப்புகள் மெலிந்திருக்க ஒரு காரணம் யாரும் வெளியே சொல்லாதது. முழங்கால் வலித்தால் வரிசையில் நின்று ‘சிக் ரிப்போர்ட்’ செய்கிறவர், ஒன்னுக்குப் போக முடியவில்லை என்று சின்னப் பையன் வயது டாக்டரிடம் சொல்லத் தயங்குகிறார். லீவில் ஊருக்கு வந்து பாளையங்கோட்டையில் தனியார் டாக்டரிடம் ரகசியமாகக் காட்டிவிட்டு, மூன்று மாத மாத்திரையோடு ரயிலேறிவிடுகிறார். பணிக் கோப்பில் ஒன்றும் ஏறாது.

அப்படிப்பட்டவர் கேஸ் இதோடு முடிந்தது என்றில்லை. லீவு தேதியோடு பொருந்தும் மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் சான்றுதான். லீவுப் பதிவு டிஸ்சார்ஜ் ஆவணங்களோடு ஒத்துப்போனால் அந்தச் சீட்டுக்கு மதிப்பு கூடும். கூட இருந்த ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம் துணை நிற்கும். அதை மட்டுமே நம்பிப் போவது சரியல்ல.

புதிதாக ஒரு மருத்துவக் கருத்து வாங்குவதும் பயன்படும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ இ.சி.எச்.எஸ். அனுப்பும் மருத்துவமனையிலோ சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்க்கும்போது “சார், ஒரு சர்டிபிகேட் வேணும்” என்று மொட்டையாகக் கேட்டால் ‘இவருக்கு பிராஸ்டேட் வீக்கம் உள்ளது’ என்றுதான் கிடைக்கும். அதை யாரும் மறுக்கவில்லை. பழைய போர்டு தாள்களைக் காட்டி மூன்று கேள்விக்குப் பதில் கேட்கவேண்டும்: உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் அடைப்பு தவிர்க்கப்பட்டிருக்குமா? குளிரும், சிறுநீரை அடக்கவேண்டிய பணிமுறையும், சளிக்குத் தந்த மாத்திரைகளும் தொல்லையைக் கூட்டியிருக்க வாய்ப்புண்டா? இப்போது எஞ்சியிருக்கும் கோளாறு என்ன? சில சளி மாத்திரைகள் பிராஸ்டேட் உள்ளவருக்குச் சிறுநீரை அடைக்கும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. பழைய மருந்துப் பதிவில் அது இருக்கிறதா என்று தேடுபவர்தான் குறைவு.

இன்னொன்று, பிராஸ்டேட்டை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்கவேண்டாம். அந்த வயதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே பதிவாகியிருக்கும். ஒவ்வொரு நோய்க்கும் போர்டு தனித்தனியாகக் கருத்து எழுதும். பிராஸ்டேட் தோற்று ரத்த அழுத்தம் ஜெயித்தாலும் பென்ஷன் பென்ஷன்தான். மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

படிகள், கெடுக்கள்

மறுப்பு கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வழியாக. அது மறுக்கப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ போகவேண்டும், ஸ்பீட் போஸ்டில். நம் கற்பனை சுபேதாருக்கு அதன் சாரம் இப்படி இருக்கும்:

“சேர்க்கைப் பரிசோதனையில் எனக்கு எந்தச் சிறுநீர் நோயும் குறிக்கப்படவில்லை. இன்ன தேதியில், இன்ன நிலையில் பணியில் இருந்தபோது அறிகுறிகளைத் தெரிவித்தேன் (இணைப்பு 1). பணி நிலைமையால் பதினான்கு மாதம் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படவில்லை (இணைப்பு 2, 3). இன்ன தேதியில் முழு அடைப்பு ஏற்பட்டது (இணைப்பு 4). விடுவிப்பு போர்டு ‘வயது’ என்று மட்டும் கூறியுள்ளது. இந்த இடைவெளி நோயை ஏன் கூட்டவில்லை என்பதற்குக் காரணம் தரவில்லை. எனவே நோய் பணியால் கூடியது என ஏற்கவும், அல்லது மறுபரிசீலனை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். முப்பது ஆண்டு தேசத்துக்கு உழைத்த வரலாறு இதில் வேண்டாம். படிக்கிறவருக்கு அது தெரியும், அதை வைத்து அவர் எதையும் அனுமதிக்கவும் முடியாது. எழுத உதவி வேண்டும் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கோப்பு எந்த மாவட்டத்தில் பதிவில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு.

அடுத்தது ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009-ல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை அமர்வு. இறுதி மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதிலே இல்லை என்றாலும் போகலாம். கெடு தாண்டியிருந்தால், தாமதத்துக்கான காரணத்தோடு தனி மனு. வக்கீல் இல்லாமல் தானே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நோயின் காரணம் பற்றிய வழக்கில் இத்துறையில் பழகிய வக்கீல் வைப்பதே புத்திசாலித்தனம். அங்கும் தோற்றவருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் வழி திறந்தே இருக்கிறது என்று 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பழைய மறுப்பு, பத்துப் பதினைந்து ஆண்டாகிவிட்டது என்பவர்களுக்குத் தர்சேம் சிங் வழக்கு. 1983-ல் வெளியேறிய அவர் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாக்கி என்பதால் தாமதமாகக் கேட்டாலும் கேட்கலாம், ஆனால் நிலுவை மனுப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டுமே என்று 2008-ல் தீர்ப்பு. தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் கையை விட்டுப் போன ஆண்டுதான்.

ஜெயித்தால் எவ்வளவு?

முழு ஓய்வூதியம் ஏற்கெனவே பெறுபவருக்குக் கூடுதலாக வருவது ஊனக் கூறு. 2023-க்கு முந்தைய விதிகளின்படி 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 60,000 என்றால் அது 18,000. நம் சுபேதாருக்கு 20 சதவீத ஊனம், ஆக 3,600. இங்கேதான் 2014 டிசம்பர் 10-ல் வந்த ராம் அவதார் தீர்ப்பு உதவுகிறது. ஊனம் 50-க்குக் கீழ் என்றால் 50, 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் என்றால் 100 என்று உயர்த்திக் கணக்கிடும் முறை, உடல்நிலை காரணமாக வெளியேற்றப்பட்டவருக்கு மட்டுமின்றி முழுப் பணி முடித்து ஓய்வுபெற்றவருக்கும் பொருந்தும் என்றது அது. 20 என்பது 50 ஆகும், 3,600 என்பது 9,000 ஆகும். அதன் மேல் அகவிலை நிவாரணம். மனுவில் இந்த உயர்த்தலையும் பெயர் சொல்லிக் கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் விட்டு, அதற்கென்று மறுபடி ஒரு சுற்றுப் போகிறவர்கள் உண்டு.

20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் முழுப் பணி முடித்தவருக்கு ஊனக் கூறு கிடையாது. அப்போது சண்டை சதவீதத்தின் மேல்: அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கசிவு, குழாய்ச் சுருக்கம், சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறதா என்று காட்டி மறுபரிசீலனை போர்டு கேட்கவேண்டும். பணி முடியுமுன் நோயால் வெளியேற்றப்பட்டவருக்கு அந்தக் கவலை குறைவு. வெளியேற்றும் அளவுக்கான ஊனம் 20-க்குக் குறையாது என்றே கொள்ளவேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கு 2014-ல் சொல்லிவிட்டது.

தீர்ப்பு வந்த பிறகு திருத்திய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் ஆணை, ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் ஏறும். அதில் ஊனச் சதவீதம், தொடங்கும் தேதி, ஆயுளுக்கா குறிப்பிட்ட காலத்துக்கா என்ற மூன்றையும் தீர்ப்பின் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தவறு இருந்தால் ஸ்பர்ஷிலேயே குறைதீர் மனு. தீர்ப்பாயம் தந்த கெடு தாண்டியும் பணம் வராவிட்டால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்ற மனு. வழக்கு நடக்கும்போதே படைவீரர் காலமாகிவிட்டால், அவர் இருந்த நாள்வரையான நிலுவையை மனைவி தொடர்ந்து கேட்கலாம். அதற்கு இறப்புச் சான்றும், பி.பி.ஓ.வில் மனைவியின் பெயர் பிழையில்லாமல் இருப்பதும் வேண்டும்.